‘பார்க்கிங்ல நாய் குட்டி போட்டிருக்கு, யாருக்காவது வேணுமா?’: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் ஒரு குட்டி வீடு சேரும் வரை நடப்பது என்ன?

“பார்க்கிங்ல நாய் குட்டி போட்டிருக்கு. அஞ்சு குட்டி. யாருக்காவது வேணுமா?”

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த மெசேஜ் புதிதல்ல. கூடவே மங்கலாக ஒரு போட்டோ வரும். பத்து ஹார்ட் விழும். “சோ க்யூட்” என்று நாலு பேர், “செக்யூரிட்டிகிட்ட சொல்லி எங்கயாவது விடச் சொல்லுங்க” என்று இரண்டு பேர். அரை மணி நேரத்தில் குரூப் இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். குட்டிகள் அதே பார்க்கிங்கில்தான் இருக்கும்.

இரு தரப்புமே கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. குட்டிக்கு இப்போது என்ன வயது? அதை அம்மாவிடமிருந்து எப்போது பிரிக்கலாம், எப்போது ஊசி போடலாம், யாரிடம் கொடுக்கலாம், தாய்க்கு எப்போது கருத்தடை செய்யலாம் எல்லாமே அந்த ஒரு பதிலைப் பொறுத்தது. தெருநாய் பற்றி 2025-ல் உச்ச நீதிமன்றம் முதல் சென்னை மாநகராட்சி வரை எத்தனையோ உத்தரவுகள் வந்துவிட்டன. ஆனால் பிறந்த நாளிலிருந்து புது வீடு போகும் நாள் வரையிலான சுமார் 8 வாரங்களுக்கு நடைமுறையில் பொறுப்பாளர் யாரும் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும் அதே குரூப்பில் இருக்கும் யாரோ ஒருவர்தான்.

நூற்றில் 19

“தெருநாய்தானே, அதுவே பார்த்துக்கும்” என்பது பொதுவாகச் சொல்லப்படும் வாதம். அதற்கு நல்ல பதில் ஒன்று மேற்கு வங்கத்திலிருந்து இருக்கிறது. ஐஐஎஸ்இஆர் கொல்கத்தா ஆய்வாளர்கள் 5 ஆண்டுகளில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயதை, அதாவது ஏறக்குறைய ஏழாம் மாதத்தை, எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் 63 சதவீதத்துக்கு மனிதர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ காரணம். வண்டியில் அடிபடுவது, விஷம், அடித்துக் கொல்வது, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

தூக்கிக்கொண்டு போவதும் ஆபத்தா என்று கேட்கலாம். பாசத்தில் தூக்கிப்போய், இரண்டு நாள் கழித்து “வீட்டுல ஒத்துக்கல” என்று வேறு தெருவில் விட்டுவிட்டால், தாய்ப்பால் குடிக்கும் குட்டிக்கு அது கிட்டத்தட்ட மரண தண்டனை.

இதே எண்ணை வேறு விதமாகவும் படிக்க வேண்டும். இத்தனை குட்டிகள் செத்தும் தெருநாய் எண்ணிக்கை குறையவில்லை. 2024-ல் பெருநகர சென்னை மாநகராட்சி எடுத்த கணக்கில் சுமார் 1.81 லட்சம் தெருநாய்கள். அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை ஏறக்குறைய 27 சதவீதம். 2018-ல் எடுத்த கணக்கு 57 ஆயிரத்தைச் சொச்சம்தான். (இரண்டு கணக்கெடுப்பும் ஒரே முறையில் நடந்ததா என்பது தனி விவாதம். இரண்டையும் நேராக ஒப்பிட்டு “மூணு மடங்கு ஆயிடுச்சு” என்று பகிர்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.) குட்டிகள் செத்துப்போவதால் தெருநாய்ப் பிரச்சினை தீராது. தாய் அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும்.

அடுத்த ஸ்டேஷனில் வேற ரூல்

மேற்குப் புறநகரில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து, இப்போது 7-வது மண்டலம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லிக்கு நகராட்சி. ஆனால் மூன்று ஊர்களுக்கும் போலீஸ் ஒன்றுதான்: 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகம்.

அம்பத்தூரில் பிறந்த குட்டி மின்சார ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி, திருமுல்லைவாயலுக்குத் தத்துப்போனால் உள்ளாட்சி மாறிவிடும். சென்னை எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். மைக்ரோசிப் பொருத்த வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் அறிவித்து, கெடுவை டிசம்பர் வரை தள்ளிப்போட்டார்கள். இது சென்னை மாநகராட்சியின் விதி. ஆவடிக்காரர், பூந்தமல்லிக்காரர் அவரவர் உள்ளாட்சி அலுவலகத்தில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். எனவே குட்டி கொடுப்பவர் கேட்க வேண்டிய முதல் விவரமே “நீங்க எந்த லிமிட்ல வர்றீங்க?” என்பதுதான். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

மத்திய விதிகள் எல்லோருக்கும் பொது. விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-ன்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆறு மாதத்துக்கும் குறைந்த குட்டியைக் கருத்தடைக்காகப் பிடிக்கக் கூடாது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயையும் அப்படிக் கொண்டுபோக முடியாது. “கார்ப்பரேஷன் வண்டி வந்துச்சு, குட்டிய எடுக்காம போயிட்டாங்க” என்ற புகாருக்குக் காரணம் பல நேரங்களில் அலட்சியம் அல்ல, இந்த விதிதான்.

விதி சரியானது. ஆனால் அதனால் உருவாகும் இடைவெளியும் நிஜம். கருத்தடைத் திட்டம் ஆறாம் மாதத்தில் தொடங்குகிறது. உரிமம், உரிமையாளர் என்று ஒருவர் வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன்பான வாரங்களில் குட்டி யாருடைய பதிவேட்டிலும் இல்லை.

தத்தெடுப்பு பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது

2025 ஆகஸ்ட் 11-ல் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லி வட்டாரத் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. வெறிநோய் தாக்கிய, அல்லது ஆக்ரோஷமான நாய்களைத் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு பழைய இடத்தில் விடலாம் என்றது. வழக்கின் எல்லையையும் நாடு முழுக்க விரித்தது. நவம்பர் 7-ல் வந்த உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது.

செய்திகளில் அதிகம் பேசப்படாத ஒரு பத்தி ஆகஸ்ட் 22 உத்தரவில் இருக்கிறது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புபவர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம். நாய்க்கு அடையாளம் இட்டு ஒப்படைப்பார்கள். அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ‘பிடிக்கலைன்னா திரும்ப விட்டுடலாம்’ என்ற வசதி தத்தெடுப்பில் கிடையாது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இன்றைக்கு அந்தக் காசில் இரண்டு டீ குடிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் விஷம் வைத்தாலோ அடித்துக் கொன்றாலோ நிலைமை வேறு. பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை.

சரி, அந்த 8 வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதல் இரண்டு வாரம்: கிட்டத்தட்ட எதுவும் செய்யக் கூடாது. தாய் உடனிருந்தால் அதற்கு நல்ல சாப்பாடும் தண்ணீரும் வைத்து, மழையும் வெயிலும் படாத ஓர் இடத்தை ஒதுக்கித் தருவதே பெரிய உதவி. அடிக்கடி எட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, தூக்கிக் கொஞ்சினால் தாய் பயந்து குட்டிகளை வேறு இடத்துக்குக் கவ்விக்கொண்டு போகும். அந்த இடம் பெரும்பாலும் இதைவிட மோசமாகத்தான் இருக்கும்: லாரிக்கு அடியிலோ, மழைநீர் வடிகாலிலோ. கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். காது கேட்க இன்னும் கொஞ்சம் நாள்.

இந்த வயதில் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த குட்டி பசியைவிட குளிரால்தான் முதலில் சாகும். அப்படி ஒன்று கிடைத்தால் உடனே பால் ஊற்றக் கூடாது. துடைத்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து உடம்பு சூடான பிறகுதான் பால். குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற, அம்மாவிடம் குடிப்பது போலவே பிடிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இது நேர்மாறு: தகர ஷெட்டுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் மூடிவைத்தால் அதுவே அடுப்பு.

“ஆவின் பால் குடுக்கலாமா?” தாயில்லாக் குட்டிக்கு எல்லோரும் முதலில் கொடுப்பது அதைத்தான். பசும்பாலில் லாக்டோஸ் அதிகம், குட்டிக்குத் தேவையான புரதமும் கொழுப்பும் குறைவு. நாய்ப்பாலில் இவை இரண்டும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல். விளைவு வயிற்றுப்போக்கு. அந்த வயதில் ஒரு நாள் வயிற்றுப்போக்கே உயிரை எடுத்துவிடும். கடைகளில் நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: முதல் மூன்று வாரம் குட்டிக்குத் தானாகச் சிறுநீர், மலம் கழிக்கத் தெரியாது. தாய் நக்கித் தூண்டும். தாய் இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் துடைத்துவிட வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து குடற்புழு மருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அளவு எடையைப் பொறுத்தது என்பதால் மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். ‘வயிறு உப்பி, குண்டா இருக்கு’ என்று நாம் கொஞ்சும் குட்டிக்குப் பல நேரம் வயிறு நிறையப் புழுதான். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தேய்ப்பது, பெரிய நாய்க்கான பவுடரைத் தூவுவது இரண்டுமே குட்டிக்கு விஷம்.

நான்காம் வாரத்தையொட்டி பாலோடு குழைந்த உணவும் தொடங்கலாம். தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் குட்டி சாப்பிடும், வளராது. முட்டை, உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன், அல்லது குட்டிகளுக்கான தீவனம் தேவை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் வேண்டவே வேண்டாம்.

பார்வோ: தெரு முழுக்கக் காலியாக்கும் வைரஸ்

மெசேஜ் போடும் பலரையும் உடைத்துப்போடுவது இதுதான். நேற்றுவரை ஓடி விளையாடிய ஐந்து குட்டிகளில் ஒன்று சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், ரத்தமாகப் போகும். அடுத்தடுத்த நாள்களில் மற்றவையும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். வழக்கமாக நாம் ஊற்றும் பினாயில் அதை ஒழிக்காது, குட்டிக்கும் கெடுதல். சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச்சை நீர்த்துக் கழுவி, காயவிட்ட பிறகுதான் குட்டியைத் திரும்ப விட வேண்டும். போன வருடம் பார்வோவில் குட்டிகள் செத்த அதே மாடிப்படிக்குக் கீழே இந்த வருடமும் குட்டிகளை வைப்பது, தெரிந்தே செய்யும் தவறு.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். பார்வோ, டிஸ்டம்பர் உள்ளிட்டவற்றுக்கான கூட்டு ஊசி. ஆனால் ஒரு ஊசியோடு முடியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி முழுசாக வேலை செய்யாது. அது எந்த நாளில் தீரும் என்று ஒவ்வொரு குட்டிக்கும் சொல்ல முடியாததால், 3 - 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட்டுக்கொண்டே வருகிறார்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 வாரத்தில் புது வீடு போகும் குட்டிக்கு ஒரே ஒரு ஊசிதான் முடிந்திருக்கும். மீதி எல்லாம் புது வீட்டின் கையில். குட்டியோடு ஊசி கார்டும், அடுத்த ஊசி தேதியும் போக வேண்டும் என்று தத்துக்கொடுப்பவர்கள் அடம்பிடிப்பது இதனால்தான். சென்னை எல்லைக்குள் இருப்பவர்களுக்கு திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் உண்டு. பெரிய சிக்கல் என்றால் வேப்பேரியில் இருக்கும், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை.

குட்டி கீறினாலும் ஊசிதான்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். “பால்குடி குட்டிதானே, பல்லு பட்டுச்சு, அவ்வளவுதான்” என்று விட்டுவிடக் கூடாது. ரேபிஸ் குட்டிகளுக்கும் வரும். உலகளவில் மனிதர்களுக்கு ரேபிஸ் பரவுவதில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலம்தான். சந்தேகத்துக்குரிய விலங்கு கடித்தவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அபார்ட்மென்ட்டில் குட்டிகளோடு அதிக நேரம் விளையாடுவதும் இதே வயதுக்காரர்கள்தான்.

கீறலோ கடியோ பட்டால், ரத்தம் வராவிட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். கடித்த குட்டி அடுத்த பத்து நாளில் செத்துப்போனால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ‘பார்வோவா இருக்கும்’ என்று நாமே முடிவு செய்யக் கூடாது. மஞ்சள்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

ஏன் 8 வாரம்? 30 நாளில் கொடுத்தால் என்ன?

குட்டி பார்க்க ரொம்ப அழகாக இருப்பது நாலு, ஐந்து வாரத்தில். கேட்டு வருகிறவர்களும் அப்போதுதான் அதிகம். கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் அந்த வாரங்களில்தான் குட்டி உடன்பிறப்புகளிடம் ஒரு முக்கியமான பாடம் படிக்கிறது: எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பது. அதிகமாகக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். இது தெரியாமல் வந்த குட்டி அதே பாடத்தை உங்கள் வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கும்.

2011-ல் ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ இதழில் வந்த இத்தாலிய ஆய்வு ஒன்று 30 - 40 நாளில் பிரிக்கப்பட்ட 70 நாய்களையும், 60 நாளில் பிரிக்கப்பட்ட 70 நாய்களையும் ஒப்பிட்டது. சீக்கிரம் பிரிந்தவற்றிடம் அளவுக்கு மீறிய குரைப்பு, பயம், பொருள்களை நாசம் செய்வது போன்றவை அதிகம் என்று உரிமையாளர்கள் சொன்னார்கள். பிறகு இவையேதான் “எங்களால வச்சுக்க முடியல” என்று திருப்பிக் கொடுப்பதற்கான காரணங்கள் ஆகின்றன. 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. இலவசமாகக் கொடுப்பவர்களும் அதே அளவுகோலைப் பிடித்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை, குட்டி எதைப் பார்த்தாலும் ‘இது சகஜம்’ என்று ஏற்றுக்கொள்ளும் காலம். 1960-களிலேயே ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதிய விஷயம் இது. புது வீட்டுக்கான தயாரிப்பு என்றால் உண்மையில் இதுதான். குக்கர் விசில், மிக்ஸி, லிஃப்ட், புல்லட் சத்தம், ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், தாத்தாவின் கைத்தடி எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, பயமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. தீபாவளிக்கு முன்னால் பிறந்த குட்டி என்றால் வெடிச் சத்தத்தைப் போனில் மெதுவாகப் போட்டுப் பழக்கலாம். தினமும் சில நிமிடம் தனியாக விடவும் பழக்க வேண்டும். ஐந்து குட்டிகளோடு ஒட்டித் தூங்கியது, புது வீட்டில் முதல் ராத்திரி தனியாகக் கிடந்தால் கத்தத்தான் செய்யும். தாயின் வாசம் படிந்த ஒரு பழைய துணியைக் கூடவே அனுப்பினால் அந்த ராத்திரி கொஞ்சம் சுலபமாகும்.

ஊசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது, ஆனால் உலகத்தையும் காட்ட வேண்டும். முரண்பாடுதான். வழி எளிது: தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள், தரையில் விடாதீர்கள்.

“ஆண் குட்டி இருக்கா?”

மெசேஜுக்கு வரும் பதில்களில் முதல் கேள்வி பெரும்பாலும் இது. பெண் குட்டி என்றால் “குட்டி போடும், தொல்லை” என்று ஒதுக்குவார்கள். ஐந்தில் இரண்டு ஆண் என்றால், அந்த இரண்டும் ஒரே வாரத்தில் போய்விடும். மூன்று பெண் குட்டிகள் அம்மாவோடு தெருவிலேயே நிற்கும். பிழைத்தால், ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வரும். நாயின் கர்ப்ப காலம் சுமார் 63 நாள். ஆக, நாம் ‘அஞ்சுல ரெண்டுக்கு வீடு கிடைச்சிடுச்சு’ என்று சந்தோஷப்படும்போது, தெருவில் மிச்சம் இருப்பது அடுத்த தலைமுறையின் தாய்கள் மட்டும். எண்ணிக்கை கூடுவதும் குறைவதும் பெண் நாய்களைப் பொறுத்தது. தத்தெடுப்பில் முதலில் போக வேண்டியவையே அவைதான்.

இதற்குப் பதில் தர்க்கம் அல்ல, கருத்தடை. ஆறு மாதத்துக்கு மேல் மருத்துவர் சொல்லும் நேரத்தில் செய்துவிட்டால் ‘தொல்லை’ என்ற பேச்சே இல்லை. கொடுக்கும்போதே “ஆறாம் மாசம் ஆபரேஷன், நாங்களும் ஞாபகப்படுத்துவோம்” என்று எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமாகி வருகிறது. இந்திய விலங்குகள் நல வாரியமும் 2022-ல் தெரு விலங்குகளைத் தத்தெடுப்பதற்கான நடைமுறை ஒன்றை வெளியிட்டிருக்கிறது.

எழுதி வாங்குவது மட்டும் போதாது, வீட்டையும் பார்க்க வேண்டும். வாடகை வீடு என்றால் ஓனருக்குத் தெரியுமா? (குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிக்கு மொத்தமாகத் தடை போட முடியாது என்பது வாரியத்தின் 2015 வழிகாட்டுதல். ஆனால் ஓனர் - வாடகைதாரர் ஒப்பந்தம் வேறு கதை.) பேச்சிலர் ரூமில் நாலு பேர் சேர்ந்து வளர்க்கிறார்கள் என்றால், ரூம் காலி செய்யும்போது நாய் யாரோடு போகும்? ஒர்க் ஃப்ரம் ஹோம் முடிந்து வாரம் ஐந்து நாள் ஆபீஸ் என்று மெயில் வந்தால்? பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது? ‘குழந்தை கேட்டுச்சு’ என்பது மட்டுமே காரணம் என்றால், நாசூக்காக மறுத்துவிடலாம். மொட்டை மாடியில் சங்கிலி போட்டுக் காவலுக்கு என்றால் நாசூக்குகூடத் தேவையில்லை.

காசு கொடுத்து வாங்கும் குட்டிக்கும் இதேதானா?

கிட்டத்தட்ட. 2017 விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிரம்பாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. ஒரு பெண் நாய்க்கு வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. “வீட்டுல லேப் குட்டி போட்டிருக்கு, 35 நாள், டோர் டெலிவரி உண்டு” என்று இன்ஸ்டாகிராமில் வரும் விளம்பரம், அந்த ஒரே வரியில் எத்தனை விதியை மீறுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். வாங்கப்போகிறவர் பதிவு எண்ணைக் கேட்டு, தாய் நாயை நேரில் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட மறுத்தால் திரும்பிவிடலாம்.

மறந்துபோகும் ஆள்

சென்னையில் 1996 வரை தெருநாய் என்றால் பிடித்துக் கொல்வதுதான் மாநகராட்சியின் வழி. புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் 1960-களிலிருந்தே வலியுறுத்திய கருத்தடை அதன் பிறகுதான் கொள்கை ஆனது. முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்னும் 27 சதவீதத்தில் நிற்பதற்குப் பணம், டாக்டர், வண்டி என்று பல காரணங்கள் சொல்லலாம். தெரு அளவில் ஒரு காரணம் எல்லோர் கண்ணிலும் படுவது: குட்டிகள் போன அன்றே எல்லோரும் தாயை மறந்துவிடுகிறார்கள்.

பால் கொடுத்த இரண்டு மாதமும் அந்தத் தாய்க்கு இரண்டு வேளை சோறு கிடைத்தது. கூப்பிட்டால் வந்தது, தொட விட்டது. குட்டிகள் போனதும் சோறு நிற்கும், நாயும் நகர்ந்துவிடும். பால் வற்றி, கருத்தடைக்குத் தயாராகும் நேரமும் சரியாக இதுதான். இன்னும் சில வாரம் அதே இடத்தில், அதே நேரத்தில் சாப்பாடு வைத்தால் வண்டி வரும் அன்று பிடிப்பது சுலபம். விட்டுவிட்டால் சில மாதத்தில் அது மறுபடி பருவத்துக்கு வரும்.

சென்னை மாநகராட்சி எல்லை என்றால் 1913-ல் புகாரைப் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். ஆவடி, பூந்தமல்லி என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் எழுத்தாகக் கொடுப்பது நல்லது. நாயின் நிறம், வழக்கமாகப் படுக்கும் இடம், குட்டிகள் பால் மறந்த தேதி மூன்றையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்த நாயின் காதில் சின்ன வெட்டு இருக்கும். “யாருக்காவது வேணுமா?” என்று போட்ட அதே குரூப்பில் அந்தக் காதையும் ஒரு போட்டோ எடுத்துப் போடலாம்.